ராஜாக்கள் வெட்டிய கேக்கில் நம் ஊர்த் துண்டு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிஷம். "சரித்திரம்னு ஆரம்பிச்சா நீங்க பல்லவர் காலத்துல போய் உக்காந்துக்குவீங்க, சாப்பாடு ஆறிடும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் செயலாளர் மைக்கைக் கையில் கொடுத்தார். பல்லவர் காலத்துக்கு நான் கட்டாயம் போவேன். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அங்கே தங்கமாட்டேன் என்று உறுதி தருகிறேன்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு பழைய கடனைத் தீர்க்க. கடன் கொடுத்தவர் யாரும் இந்த அரங்கில் இல்லை. நம் கல்லூரியை விட்டு வெளியேறி நான் சரித்திர ஆசிரியனாகப் பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த காலம். ஐரோப்பியர் வருகை என்ற பாடம். கர்நாடகப் போர்கள், டூப்ளே, கிளைவ், பாரிஸ் உடன்படிக்கை எல்லாம் வழக்கம்போல் ஒப்பித்துக்கொண்டு போகிறேன். "கடைசியில் புதுச்சேரியும் சுற்றியிருந்த ஊர்களும் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பித் தரப்பட்டன" என்று சொல்லி நிறுத்தினேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை. "சார், எங்க ஊர எடுத்துக் குடுக்க அவுங்க யாரு சார்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பையன் என் வகுப்பில் கேள்வியே கேட்டதில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. அவனுக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு படம். புத்தகங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1773-ல் பாரிஸில் வெளிவந்த கேலிச்சித்திரம். வரைந்தவர் மொரோ என்ற ஓவியர், செதுக்கியவர் லெ மீர். படத்தின் பெயர் 'ராஜாக்களின் கேக்'. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகை. பிரெஞ்சுக்காரர்கள் அன்றைக்கு ஒரு கேக் செய்து உள்ளே ஒரு விதையை ஒளித்துவைப்பார்கள். வெட்டும்போது விதை யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

இந்தப் படத்திலோ கேக் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தேசப்படம் விரித்துக் கிடக்கிறது. போலந்து நாட்டின் படம். சுற்றி நிற்பவர்கள் நிஜ ராஜாக்கள். ஒரு பக்கம் ரஷ்யாவின் ராணி காதரின். எதிர்ப்பக்கம் ஆஸ்திரியாவின் ஜோசப், பிரஷ்யாவின் ஃபிரெடெரிக். ஃபிரெடெரிக் உருவிய வாளால் தான்சிக் துறைமுகத்தைத் தொட்டுக் காட்டுகிறார், "இது எனக்கு" என்கிற மாதிரி. நாலாவதாக நிற்பவர் போலந்து ராஜாவே. ஸ்தனிஸ்லாவ் என்று பெயர். அவர் தலையில் இருந்து கிரீடம் நழுவுகிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலே ஒரு தேவதை ஊதுகொம்பை ஊதி உலகத்துக்கெல்லாம் சேதி சொல்கிறது.

கேலி என்றாலும் நடந்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள். 1772 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மூன்று அரசுகளும் கையெழுத்துப் போட்டுப் போலந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. போலந்து சின்ன நாடு இல்லை. ஆனால் உள்ளே சீர்கெட்டுக் கிடந்தது. அங்கே பாராளுமன்றத்தில் ஒரே ஒரு பிரபு எழுந்து "ஒப்பமாட்டேன்" என்றால் போதும், கூட்டமே கலைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது வசதி. அந்தப் பழக்கத்தைப் பணம் கொடுத்து வளர்த்தார்கள். ஸ்தனிஸ்லாவை அரியணையில் உட்காரவைத்ததே காதரின்தான். ஆஸ்திரியாவின் முதிய அரசி மரியா தெரேசா பாவம் பாவம் என்று அழுதாராம். அழுதுகொண்டே தன் பங்கை வாங்கிக்கொண்டார் என்று ஃபிரெடெரிக் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். 1793-ல் இன்னொரு வெட்டு, 1795-ல் இன்னொரு வெட்டு. போலந்து என்கிற பெயரே படத்தில் இல்லாமல் போயிற்று. அது மறுபடி நாடாக எழுந்தது 1918-ல்.

அந்தப் படத்தைப் பல நாடுகளில் தடை செய்தார்கள். தடை செய்தும் பயனில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி மை தடவி அச்சடிக்கிற படம் அது. லண்டனிலும் அதைப் பார்த்து வரைந்து விற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் கடை வாசலில் நின்று பார்த்தால் "ஓகோ, சங்கதி இதுதானா" என்று புரிந்துகொள்வான். பக்கம் பக்கமாக எழுதிய ஒப்பந்தத்தை ஒரு தாளில் போட்டு உடைத்துவிட்டது அந்தப் படம். பங்கு போடுகிறவர்கள் 'சமநிலை', 'சமாதானம்', 'பழைய உரிமை' என்று எத்தனை சொன்னாலும், மேஜைமேல் இருப்பது அடுத்தவன் வீடு என்று காட்டியது.

சரி, போலந்து எங்கே, பாகூர் எங்கே என்று கேட்பீர்கள். பதினொரு வருஷம்தான் இடைவெளி. வாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கடை போட்டது 1674-ல். வெகுகாலம் வரை ஒரு பட்டணமும் அதை ஒட்டிய சில ஊர்களும்தான் அவர்கள் கையில். வில்லியனூரும் பாகூரும் ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1749-ல் சந்தா சாகிப் ஆற்காட்டுப் பதவிக்குச் சண்டை போட்டபோது டூப்ளே படை கொடுத்து உதவினார். நன்றிக்கடனாகப் புதுவையைச் சுற்றியிருந்த கிராமங்களைச் சந்தா சாகிப் தானம் கொடுத்தார். கொடுத்தவருக்கே பதவி நிச்சயமில்லை! எதிர்ப்பக்கம் முகமது அலி. அவருக்கு முதுகில் கை வைத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். இரண்டு நவாபுகள், இரண்டு கம்பெனிகள், சண்டை நடக்கிற இடமோ நம் நெல் வயல்.

1752 செப்டம்பரில் பாகூரிலேயே போர். இங்கிலீஷ் படைக்கு லாரன்ஸ் தலைவர், பிரெஞ்சுப் படைக்கு டூப்ளேயின் உறவினர் கெர்ழான். கெர்ழான் பிடிபட்டார். பாகூர்ச் சண்டை என்று கேள்விப்பட்டால் நம் பிள்ளைகளுக்கு ஏதோ பெருமைபோலத் தோன்றும். அந்தச் சண்டையில் பாகூர்க்காரனுக்கு என்ன சம்பந்தம்? யார் ஜெயித்தாலும் அவன் வாரம் அளக்கத்தான் வேண்டும். எந்தக் கச்சேரிக்கு அளப்பது என்பதுதான் மாறும்.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763-ல் பாரிஸில் சமாதானம். அந்த உடன்படிக்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கேளுங்கள். 1749-ஆம் வருஷத் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தவற்றை மட்டும் திருப்பித் தருவதாக ஏற்பாடு. அதாவது சந்தா சாகிப் கொடுத்த கிராமங்கள் கணக்கில் சேராது. அத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பிய ராஜாக்கள் சேர்ந்து, கர்நாடகத்துக்கு நவாப் முகமது அலிதான், தக்காணத்துக்குச் சுபேதார் சலாபத் ஜங்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் சலாபத் ஜங் எங்கே இருந்தார் தெரியுமா? 1762-லேயே அவருடைய தம்பி நிஜாம் அலி அவரை இறக்கிவிட்டுப் பீதர் கோட்டையில் அடைத்துவிட்டார். சிறையில் கிடக்கிற மனிதரைப் பாரிஸில் சுபேதார் ஆக்கியிருக்கிறார்கள்! இதைவிடப் பெரிய கேலிச்சித்திரம் வேண்டுமா?

இனி நம் விஷயம். 1778-ல் மறுபடி இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால் வந்த வினை. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டியைக் கொட்டிய வேகம் நம் சுண்ணாம்பாற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டது. 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதல் கையெழுத்து ஆகிவிட்டது. சேதி கப்பலில் வரவேண்டுமே! அதே வருஷம் ஜூனில், பாகூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலூரில், இரண்டு படைகளும் தரையிலும் கடலிலும் வெட்டி மாய்ந்தன. ஜூன் கடைசியில்தான் சமாதானச் செய்தி வந்தது. முடிந்துபோன சண்டைக்காக அத்தனை பேர் செத்தார்கள்.

1783 செப்டம்பர் 3-ஆம் தேதி வெர்சாயில் இறுதி உடன்படிக்கை. பிரான்சு ராஜா பதினாறாம் லூயியின் சார்பில் மந்திரி வெர்ஜென், இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் சார்பில் மான்செஸ்டர் பிரபு. அந்தத் தாளில் செனகல் இருக்கிறது, டொபாகோ தீவு இருக்கிறது, மீன்பிடி உரிமை இருக்கிறது. அவற்றுக்கு நடுவே நம் ஊர்ப் பெயர்கள்! புதுச்சேரியையும் காரைக்காலையும் திருப்பித் தருவதோடு, புதுச்சேரிக்குக் கூடுதலாக வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு வட்டங்களையும், காரைக்காலுக்கு அதை அடுத்த நான்கு மாகாணங்களையும் இங்கிலாந்து ராஜா 'பெற்றுத் தருவதாக' ஒப்புக்கொள்கிறார்.

'தருகிறேன்' என்று எழுதவில்லை, கவனியுங்கள். 'பெற்றுத் தருகிறேன்' என்று எழுதியிருக்கிறது. ஏன்? தருவதற்கு அது அவருடையது இல்லை. நவாபுடையது. அடுத்தவன் தோட்டத்துத் தேங்காயை நான் உனக்குப் பறித்துத் தருகிறேன் என்று மூன்றாவது ஆளிடம் வாக்குக் கொடுக்கிற கதை. அந்த ஒரு வார்த்தையில் உண்மை தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டது. என் மாணவன் கேட்டானே, "குடுக்க அவுங்க யாரு?" என்று. அதற்குப் பதில் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கே தெரியும், தாங்கள் யாரும் இல்லை என்று.

இப்போது நாமே மனசில் ஒரு படம் வரைந்து பார்ப்போம். பாரிஸ் ஓவியர் வரைந்த மாதிரியே. மேஜைமேல் ஒரு தேசப்படம். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நீலமாகத் தெரிகின்றன. ஒரு பக்கம் லூயி, ஒரு பக்கம் ஜார்ஜ். விரல் வைத்துக் காட்டுகிறார்கள். போலந்துப் படத்தில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டாவது அந்த நாட்டு ராஜா நின்றார். நம் படத்தில் நவாபை எங்கே நிறுத்துவது? அவர் அந்த அறையிலேயே இல்லை. சென்னைச் சேப்பாக்கம் மாளிகையில், இங்கிலீஷ்காரர்களிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடன் விவகாரம் எவ்வளவு நாறியது என்றால், 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீண்ட பேச்சுப் பேசினார். போலந்துக்கு ஒற்றைப் பிரபுவின் மறுப்பு எப்படியோ, ஆற்காட்டுக்குக் கடன் அப்படி. உள்ளே ஓட்டை இருந்தால்தான் வெளியாள் கை நுழையும்.

நவாபுக்கே இடமில்லை என்றால் பாகூர் உழவனுக்கு எங்கே இடம்? தேசப்படத்தின் மடிப்புக்குள் எங்காவது ஒரு புள்ளியாக வேண்டுமானால் வரையலாம். அவன் தலையில் கிரீடம் இல்லை, முண்டாசு. அதுவும் நழுவத்தான் செய்கிறது.

ஐரோப்பியனை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனசில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தானின் ராஜ்யத்தில் பாதியை வெட்டி மூன்று பங்கு போட்டார்கள். ஒரு பங்கு கம்பெனிக்கு. மற்ற இரண்டு? ஒன்று ஐதராபாத் நிஜாமுக்கு, ஒன்று மராட்டியப் பேஷ்வாவுக்கு. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம், இரண்டு பிள்ளைகள் பிணை. மேஜையில் இடம் கிடைத்தால் நம்மவர்களும் கத்தியை எடுத்தார்கள். கேக் வெட்டுகிறவனுக்கு நிறம் ஒரு பொருட்டல்ல.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ பல்லவர் காலத்துக்கு வந்துவிட்டேன்!

பாகூரில் ஒரு செப்பேடு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு, நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசனின் எட்டாம் ஆட்சியாண்டு. மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த சாசனம். யாருக்குத் தானம்? பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு. அதாவது, நண்பர்களே, ஒரு கல்லூரிக்கு! கல்லூரிப் பழைய மாணவர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. நாம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு படித்தோமே, அதற்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பாகூரில் மாணவர்கள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், அதன் செலவுக்கு ஊர்கள் இருந்திருக்கின்றன.

அதுவும் ராஜா ஊரைக் கொடுத்த கதைதானே, என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நியாயம். அன்றைக்கும் உழவனை யாரும் ஓட்டுப் போடச் சொல்லவில்லை. அதை நான் பூசி மெழுகமாட்டேன். ஆனாலும் பல்லவர் காலத் தானத்தில் ஒரு முறை இருந்தது. அரசனின் ஆணை நாட்டாருக்கு வரும். நாட்டார் என்றால் அந்தப் பகுதியின் பெரிய விவசாயிகள். அவர்கள் அந்த ஓலையை வாங்கிப் பார்த்து, எல்லையைக் காலால் நடந்து சுற்றி, கல் நட்டு, கள்ளி நட்டு, இன்னின்ன ஓடை, இன்னின்ன ஏரி என்று எழுதித் தரவேண்டும். எல்லை தெரிந்தவன் நடந்தான், பிறகே செப்பில் ஏறியது. வெர்சாயில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் பாகூர் வரப்பில் ஒரு அடி நடந்தவர்கள் இல்லை.

பாரிஸ் படமும் செப்புத் தகட்டில் செதுக்கியது, பாகூர் சாசனமும் செப்புத் தகட்டில் செதுக்கியது. ஒன்று ஊரை அறிந்து எழுதியது. இன்னொன்று, ஊரை அறியாமல் பங்கு போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சரித்திரம் கொஞ்சம் விளங்குகிறது.

நடக்காமல் போட்ட எல்லையின் பலனை நாம் இன்றைக்கும் அனுபவிக்கிறோம். புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறுங்கள். வில்லியனூர், அரியூர் வரைக்கும் நம் மாநிலம். கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்சம் போனால் மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஊருக்குப் புதிதாக வந்த சம்பந்தி ஒருவர் என்னிடம் கேட்டார், "எப்பங்க புதுச்சேரி வருது, எப்பப் போகுது?" என்று. "போர்டைப் பார்க்காதீங்க சம்பந்தி, வரிசையா ஒயின் ஷாப் வந்தா புதுச்சேரி, நின்னா தமிழ்நாடு" என்றேன். சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது, வருவாய்க் கணக்கை வைத்துக் கிராமம் கிராமமாகக் கை மாறிய பழைய பங்கீடு. கிணறு ஒரு மாநிலம், களம் ஒரு மாநிலம். ரேஷன் கார்டு, ஜாதிச் சான்றிதழ், காலேஜ் சீட்டு, எல்லாவற்றுக்கும் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கிறார்கள். பெண் கொடுத்து எடுத்தவர்கள் வரப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்தான் இருக்கிறார்கள்.

1783-க்குப் பிறகும் ஆட்டம் ஓயவில்லை. 1785-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1793-ல் மறுபடி போயிற்று. நெப்போலியன் காலமெல்லாம் முடிந்து, 1814-ல் பாரிஸில் எழுதிய இன்னொரு உடன்படிக்கையின்படி 1816-ல் நிலையாகத் திரும்பி வந்தது. இம்முறை கோட்டை கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய சிப்பாய்களுக்குமேல் வைக்கக்கூடாது என்று நிபந்தனை. 1880-ல் கொம்யூன்கள் ஏற்பட்டபோது வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்கள் ஆயின. வெர்சாயில் உச்சரித்த அதே இரண்டு பெயர்கள்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நன்றி மறந்தவன் ஆவேன். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்த பத்திரிகை பாரதியாரின் 'இந்தியா'. சென்னையில் அதற்கு நெருக்கடி வந்தபோது, 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் இங்கிருந்து வெளிவந்தது, 1910 வரைக்கும். ஏன் இங்கே வந்தார்? இங்கிலீஷ் போலீஸ் இங்கே நுழைந்து கைது செய்யமுடியாது. ஏன் முடியாது? ராஜாக்கள் வெட்டிய வெட்டில் இந்தத் துண்டு பிரெஞ்சுக்காரன் பங்குக்கு வந்திருந்தது! யாரோ பேராசையால் கிழித்த கோடு, நம் கவிஞருக்கு வேலி ஆயிற்று. ராஜாக்களைக் கேலி செய்கிற படம், ராஜாக்கள் பங்கு போட்ட மண்ணிலேயே அச்சாயிற்று. சரித்திரம் சிலசமயம் இப்படியும் செய்யும். அதற்காக வெட்டியவனுக்கு மாலை போடவேண்டியதில்லை. வந்தவருக்கு இடம் கொடுத்த நம் மக்களுக்குப் போடலாம்.

கடைசியாகக் கீழூர். வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்னக் கிராமம். 1954-ஆம் வருஷம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு எனக் கிராமப்புறக் கொம்யூன்களில்தான் விடுதலைக் கொடி முதலில் ஏறியது. பட்டணம் யோசித்துக்கொண்டிருந்தபோது பட்டிக்காடு முந்திக்கொண்டது. பிறகு இரண்டு அரசுகளும் பேசி முடிவெடுத்து, மக்கள் பிரதிநிதிகளைக் கேட்பது என்று தீர்மானித்தார்கள். 1954 அக்டோபர் 18. சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கீழூரில் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. இன்றைக்கும் அந்தத் தேதியில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள்.

178 பேர் மட்டும்தானா, ஊர் ஜனங்கள் எல்லோரையும் கேட்டிருக்கவேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1749-ல் தானம் கொடுத்தபோது இங்கிருந்து எத்தனை பேரைக் கேட்டார்கள்? 1763-ல்? 1783-ல்? 1814-ல்? ஒருவரையும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் முதல்முறையாக ஒரு பெட்டியை வைத்து "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டது கீழூரில். வேண்டாம் என்று சொன்ன 8 பேர் இருக்கிறார்களே, அவர்களையும் நான் மரியாதையோடு நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தால்தான் அது கேட்டதாக ஆகும். வெர்சாய் மேஜையில் வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாற்காலியே கிடையாது.

அந்த வழியாகக் கார் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பட்டணத்துக் கடற்கரையில் டூப்ளே சிலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதவர் நம்மில் யாரும் இல்லை. கீழூரில் இறங்கிப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கலாமா? (அரங்கில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.) பரவாயில்லை. அடுத்த வருஷச் சந்திப்புக்குள் இந்த எண்ணிக்கை கூடட்டும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலையும் பாருங்கள், திரும்பும்போது பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டையும் காட்டுங்கள். ஒரே நாளில் பதினொரு நூற்றாண்டைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

இன்னொரு வேண்டுகோள். நம்மில் பல வீடுகளில் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். நொத்தேர் எழுதிய கிரயம், நிலவரி ரசீது, சொல்தாவாகப் போன தாத்தாவின் பென்ஷன் தாள். படிக்கத் தெரியவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ராஜாக்கள் எழுதிய காகிதம் பாரிஸிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் நம்மவர்கள் எப்படி உழுதார்கள், எப்படி வரி கட்டினார்கள், எதற்கு வழக்காடினார்கள் என்பதற்குச் சாட்சி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதையும் தொலைத்துவிட்டால் நாம் நிஜமாகவே மடிப்புக்குள் புள்ளியாகப் போய்விடுவோம்.

அந்தப் பையன் இப்போது நடுவயதுக்காரனாக இருப்பான். எங்கே என்ன செய்கிறானோ தெரியாது. இந்த மலர் எப்படியாவது அவன் கண்ணில் பட்டால், அவனுக்கு இது: தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி. உங்கள் ஊரைக் கொடுக்க அவர்கள் யாரும் இல்லை. அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளே அதை ஒப்புக்கொள்கிறது. அன்றைக்கு உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு. ஒரு கேலிச்சித்திரக்காரன் செய்கிற வேலையை நீ ஒரே வாக்கியத்தில் செய்தாய், உன் வாத்தியார் சிரித்து மழுப்பினான்.

நண்பர்களே, இன்றைக்கும் உலகத்தில் பலமுள்ளவர்கள் மேஜை போட்டுத் தேசப்படம் விரிப்பது நின்றுவிடவில்லை. டி.வி.யில் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது, விரல் வைத்துக் காட்டுகிறவன் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த அறையில் யார் இல்லை என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எழுந்து "குடுக்க இவுங்க யாரு?" என்று கேட்டால், தயவு செய்து உட்காரச் சொல்லாதீர்கள்.

சாப்பாடு தயார் என்று சைகை வந்துவிட்டது. இருபது நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன், பொறுத்தருளவேண்டும்.